செங்கணம் விருத்தாசல ரெட்டியார்

தோற்றுவாய்

ஓங்கி வளர்ந்த ஆலமரத்தின் நிழலில் இளைப்பாறுவோர், அம்மரம் கன்றாயிருந்த காலத்து அதற்கு நீர் வார்த்தவர் யாரென்று வினவுதல் அரிது. தமிழுலகில் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பெற்ற புகழ் அத்தகையதோர் ஆலமர நிழலாகும். அவர்தம் உழைப்பால் 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியும், 1889-இற் பத்துப்பாட்டும், 1892-இற் சிலப்பதிகாரமும், 1894-இற் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அச்சேறித் தமிழ்மக்கள் கையில் வந்தன. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எம்மனோர் நாள்தோறும் புரட்டும் ஏடுகளிற் பல அப்பெருமகனார் தேடித் தந்தவையே.

அவருக்கு ஆசிரியர் யாவர் என்று வினவின், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் பெயரே எவர் நாவிலும் முற்பட எழும். அது முற்றும் தகுதியே. ஆயினும், பிள்ளையவர்களை அடைதற்கு முன்னர், பெரம்பலூரை அடுத்த ஒரு சிற்றூரில், பண்ணைவீடு ஒன்றின்கண், அவ்விளைஞருக்கு யாப்பிலக்கணம் கற்பித்து, மேற்செல்ல வேண்டிய வழியையும் காட்டி விடுத்தார் ஒருவர் உளர். அவரே செங்கணம் விருத்தாசல ரெட்டியார். ஐயரவர்கள் தம் முதுமையில் எழுதிய சுயசரிதம் இப்பெரியாரைத் தமிழுலகு மறவாவண்ணம் நிலைநிறுத்தியது. அவ்வுழவர் பெருமகனாரின் வாழ்வையும், அவர்தம் மனைவாழ்வு தமிழுக்குப் பயன்பட்ட வகையையும் எம்மால் இயன்ற அளவு ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

நாடும் ஊரும்

செங்கணம் என்றும் செங்குணம் என்றும் வழங்கும் அவ்வூர் பெரம்பலூருக்கு அண்மையிலுள்ளது. பெரம்பலூரைப் பெரும்புலியூர் என்று எழுதுவாரும் உண்டு. 1995-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரையில், அந்நிலப்பகுதி பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மேற்கே பச்சைமலையும் வடக்கே வெள்ளாறும் அதற்கு எல்லை காட்டுகின்றன. காவிரியின் வாய்க்கால்கள் பாயும் தஞ்சைத் தரணியின் செழிப்பு இங்கே இல்லை. கரிசலும் செம்மண்ணும் கலந்த மேட்டுநிலம் அது. வானத்தை நோக்கி வாழும் நிலம். கம்பும் சோளமும் வரகும் பருத்தியும் விளையும். கிணற்றுநீர் வாய்த்த இடங்களில் நெல்லும் உண்டு. எருதுகள் முன்னும் பின்னும் நடக்கக் கவலையால் நீர் இறைக்கும் ஓசையே அக்காலத்து அவ்வூர்களின் விடியற்பாட்டு.

அந்நிலம் போரையும் நன்கு அறிந்தது. 1751-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் படையும் பிரெஞ்சுக்காரர் துணைபெற்ற சந்தா சாகிபின் படையும் வாலிகண்டபுரத்தருகே பொருதன. ரஞ்சன்குடிக் கோட்டை இன்றும் அந்நாளைய நினைவுகளைத் தாங்கி நிற்கின்றது. 1801-ஆம் ஆண்டில் கருநாடக நவாபின் நாடு கும்பினியார் கைப்பட்டபோது இப்பகுதியும் அவர்பாற் சென்றது. பின்னர், உழவன் நேரே அரசினர்க்குத் தீர்வை செலுத்தும் இரயத்துவாரி முறை நிலைபெற்றது. அரியிலூரிலும் உடையார்பாளையத்திலும் ஜமீன்தார்கள் இருந்தனர். ஏனைய ஊர்களில் நிலமுடைய பெருங்குடியானவரே ஊருக்குத் தலைவராய் விளங்கினர்.

அத்தகைய குடியானவருள் ரெட்டியார் வகுப்பினர் ஒரு சாரார். விசயநகர வேந்தரும் நாயக்கரும் ஆண்ட காலங்களில் தெலுங்கு நாட்டினின்றும் போந்து, துறையூர், பெரம்பலூர் முதலிய பகுதிகளிற் குடியேறிக் காடு திருத்திக் கழனியாக்கியவர் அவர். அவருட் பெரும்பாலோர்க்கு மனைமொழி தெலுங்கு. ஏட்டு மொழியும் ஊர்மொழியும் தமிழ். அம்மரபில் வந்த ஒருவர் தமிழ் யாப்பில் வல்லுநராய் விளங்கியமை, மொழி என்பது பிறப்பால் மட்டும் அமையும் உரிமையன்று, உழைப்பாலும் அன்பாலும் பெறும் உரிமை என்பதை எமக்கு அறிவுறுத்துகின்றது.

பண்ணைவாழ்வு

விருத்தாசல ரெட்டியார் நிலமும் மாடும் ஆட்களும் நிறைந்த செல்வக்குடியினர். பண்ணை என்னும் சொல்லை நகரத்து மாணவர் சிலர் நிலப்பரப்பின் பெயராக மட்டும் கருதுவர். அது ஒரு சிறு குடியரசுக்கு நிகர். நெற்குதிரும் கம்புக்குழியும் களமும் மாட்டுக்கொட்டிலும் அதன் உறுப்புக்கள். விதை எடுத்து வைத்தல், மழை நோக்கி ஏர் பூட்டுதல், களையெடுப்பு, அறுவடை, ஆட்களுக்குக் கூலி அளத்தல், தீர்வை கட்டுதல், வழக்குத் தீர்த்தல், வந்த விருந்தினரைப் பேணுதல் ஆகிய அனைத்தும் தலைவர் பொறுப்பு. மனைக்குள் அவ்வாறே பெண்டிர் பொறுப்பும் பெரிது. குத்திப் புடைத்து அட்டு, பத்துப் பதினைந்து பேர்க்கு நாள்தோறும் படைப்பது எளிய வினையன்று. விருந்தோம்பலின் புகழ் தலைவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளினும், அதன் உழைப்பு அடுக்களையிலேயே நிகழ்ந்தது என்பதை யாம் மறத்தலாகாது.

இத்தனை அலுவல்களுக்கிடையே ரெட்டியார் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றிருந்தார் என்பதே வியப்பு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆயின் அதன் ஒளி அப்பகுதியை எட்டவில்லை. இருப்புப்பாதையும் அங்கு வந்திலது. 1835-ஆம் ஆண்டிற்குப் பின் இந்நாட்டவர் தடையின்றி அச்சுக்கூடம் வைத்து நடத்த இயன்றதாயினும், அச்சிட்ட நூல்கள் நாட்டுப்புறத்தில் அருமையாகவே கிடைத்தன. ஒரு நூலைக் கற்க விழைவோன் அதனை உடையாரைத் தேடிச் சென்று, வணங்கி, இரவல் பெற்று, பெயர்த்தெழுதிக்கொள்ள வேண்டும். அங்ஙனம் அரிதின் ஈட்டிய கல்வியைத் தம் நிலத்தினும் மேலாகப் போற்றினார் ரெட்டியார். அதனை விற்றுப் பொருளீட்ட வேண்டிய தேவை அவர்க்கில்லை. ஆதலின் கற்றதைக் கற்பிப்பதே அவர்க்கு இன்பமாயிற்று.

ஈண்டு ஒன்று கூறாது விடுதல் நேர்மையன்று. பண்ணைகளின் செல்வம் பண்ணையாட்களின் வியர்வையில் விளைந்தது. அவர்தம் மக்கள் மாடு மேய்த்தனர். அவர்களுக்கு ஏடு எடுத்துக் கொடுப்பார் அக்காலத்து இலர். தலைவர் வீட்டில் எழுந்த தமிழோசையைத் தொலைவில் நின்று கேட்டிருப்பர்; அதன் பொருளறியும் பேறு அவர்க்கு வாய்த்திலது. விருத்தாசல ரெட்டியாரின் பெருமையைப் பேசும்போதே, அவர் போன்றார்க்குக் கற்கும் ஓய்வை ஈந்த அப்பெயரறியா மாந்தர்க்கும் தமிழ் கடன்பட்டுள்ளது என்பதை நினைத்தல் வேண்டும்.

இளைஞர் ஒருவர் வருகை

உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் இசைவல்லவர். உடையார்பாளையம் ஜமீனின் சமஸ்தான வித்துவானாய் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர்தோறும் சென்று இராமகதையை இசையோடு விரித்துரைத்து, அன்பர் அளிக்கும் நெல்லும் பொருளும் கொண்டு குடும்பம் நடத்திவந்தார். அவர்க்கு 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாளிற் பிறந்த மகனாரே சாமிநாதையர். தம் மகன் இசையில் வல்லவனாதல் வேண்டுமென்று தந்தையார் விரும்பினார்; மைந்தர் உள்ளமோ தமிழின்பாற் சென்றது. ஈண்டுத் தந்தையாரின் பெருந்தகைமையை யாம் காண்கின்றோம். தம் விருப்பத்தை மகன்மேல் ஏற்றி வருத்தாது, எவ்வூரில் தமிழறிஞர் உளர் என்று கேட்டறிந்து, அவ்வூர்க்கே குடும்பத்தைப் பெயர்த்துச் செல்லலானார்.

இவ்வாற்றால் அரியிலூர், பெரம்பலூர்ப் பகுதி முழுமையும் அவ்விளைஞர்க்கு ஒரு கல்லூரியாயிற்று. அரியிலூரிற் சடகோபையங்கார் தமிழ்ச்சுவையை முதலில் ஊட்டினார். குன்னத்திற் சிதம்பரம் பிள்ளை கற்பித்தார். கார்குடியிற் கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் கற்பித்தார். ஓர் ஊரில் ஒரு நூல், வேறோர் ஊரில் வேறொரு நூல் என்று நடந்த அக்கல்வியில் ஒரு குறை எஞ்சியது. செய்யுளை இசையோடு பாடவும் பொருள் கூறவும் அறிந்தாரேனும், அச்செய்யுள் எவ்வாறு கட்டப்பட்டது என்னும் நுட்பம் அவர்க்கு இன்னும் கைவந்திலது. அந்நுட்பத்தைக் கற்பிக்க வல்லார் செங்கணத்து ரெட்டியார் என்பதறிந்து தந்தையாரும் மைந்தரும் அங்குச் சென்றனர். அது 1870-ஆம் ஆண்டையொட்டிய காலம். மைந்தர் பதினாறு வயதை நெருங்கிய இளைஞர்.

காரிகைப் பாடம்

ரெட்டியார் கற்பித்த நூல் யாப்பருங்கலக் காரிகை. இஃது அமிதசாகரர் என்னும் சமண முனிவர் இயற்றியது. குணசாகரர் உரை உடையது. உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என மூன்று பகுதிகளைக் கொண்டது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் ஆறு உறுப்புக்களையும், அவற்றாற் பாக்களும் பாவினங்களும் அமையுமாற்றையும் அது கூறும். காரிகை கற்றுக் கவிபாடுவதினும் பறையறைந்து பிழைப்பதே மேல் என்று பொருள்படும் பழமொழி ஒன்று மாணவரிடையே இன்றும் வழங்குதலை எம் கல்லூரி விடுதியிற் பயில்வோர் நன்கறிவர். தேர்வு நெருங்குங்கால் எம் வகுப்பினரே அதனைச் சொல்லிப் பெருமூச்செறிவதுண்டு.

இந்நூல் கட்டளைக் கலித்துறையால் அமைந்தது. நான்கு அடி, அடிக்கு ஐந்து சீர். அடி நேரசையில் தொடங்கின் ஒற்று நீங்கப் பதினாறு எழுத்தும், நிரையசையில் தொடங்கின் பதினேழு எழுத்தும் வரல் வேண்டும். இலக்கணத்தைக் கூறும் செய்யுளே அவ்விலக்கணத்திற்கு இலக்கியமாகவும் நிற்கின்றது. நல்லாசிரியன் வாய்ப்பின், மாணவன் விரல் மடக்கி எழுத்தெண்ணிக்கொண்டே பாவின் உடற்கூற்றை அறிந்துவிடுவான். ஆசிரியன் வாயாதார்க்கு அது காட்டிடை விட்ட கதையாகும்.

இந்நூலை ஓர் உழவர் கற்பித்ததில் ஒரு பொருத்தம் இருப்பதாக எமக்குத் தோன்றுகின்றது. சீர்களுக்கு முன்னோர் வைத்த வாய்பாடுகளை நோக்குமின். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்பன யாவும் மரத்தின் பெயர்கள். அவற்றோடு சேர்வன காயும் கனியும் பூவும் நிழலும். வகுப்பறையில் இருந்து கற்கும் எமக்கு இவை வெறும் சொற்கள். தோப்பிலும் வரப்பிலும் உலவிய செங்கணத்தார்க்கோ கண்முன் நின்ற பொருள்கள். மாவின் வகையைப் பார்த்தே அறியும் கண்ணுக்குச் சீரின் வகையை அறிதல் அயலான தொழிலன்று. ஏரிற் பூட்டும் இணையெருதுகள் ஒத்து நடந்தாலன்றி உழவு செல்லாது. தளை ஒத்து நடந்தாலன்றிப் பாட்டும் செல்லாது. யாப்பு என்னும் சொல்லே கட்டுதலைக் குறிப்பது. கதிர்க்கட்டுக் கட்டிய கை செய்யுட் கட்டையும் பழகியிருந்ததில் யாது வியப்பு?

ரெட்டியார் கூலி கொள்ளாது கற்பித்தார். வந்த குடும்பத்தார்க்குப் பண்ணையின் ஆதரவும் கிடைத்தது. ஆசிரியர்க்கு மாணவன் உணவளித்துப் பணிசெய்வது பழைய முறை; மாணவனுக்கு ஆசிரியர் உணவளித்துக் கற்பித்தது செங்கணத்து முறை. இளைஞரும் காரிகையை உரையோடு கற்றுத் தேர்ந்து, தாமே செய்யுள் இயற்றும் ஆற்றலும் எய்தினார். பாட்டு என்பது தெய்வ வரம் பெற்றார்க்கே உரிய மறைபொருள் என்னும் அச்சம் நீங்கியது.

நாற்றைப் பெயர்த்து நட்டது

இனி, ரெட்டியார் வாழ்வில் யாம் எல்லாவற்றினும் மேலாகக் கருதும் செயலைக் கூறுதும். அறிவும் ஆர்வமும் நிறைந்த மாணவன் ஒருவன் தமக்கு வாய்த்தால், அவனைத் தம்மிடமே இருத்திக்கொள்ள விரும்புதல் ஆசிரியர் இயல்பு. மாணவரின் பெருக்கத்தைக் கொண்டே புலவரின் பெருமையை அளந்த காலம் அது. ரெட்டியாரோ தம் கல்வியின் அளவைத் தாமே நன்கறிந்திருந்தார். இவ்விளைஞரின் வேட்கைக்குத் தம்பால் உள்ள நூல்கள் போதா என்பதை உணர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அழைத்துச் சென்று சேர்ப்பதே தக்கதென்று தந்தையாருக்கு அறிவுரை கூறினார்.

உழவர் நாற்றங்காலில் விதைத்த பயிரை உரிய நாளிற் பறித்து வேறு வயலில் நடுவர். அருமையாய் வளர்ந்த நாற்றென்று அங்கேயே விட்டுவைப்பின், அது நெருங்கி வளர்ந்து கதிர் ஈனாது கெடும். நாற்றங்காலுக்குரியார் தம் கையாலேயே அதனை வெறுமையாக்குதல் வேண்டும். இவ்வுண்மையை வயலிற் கற்ற ரெட்டியார் கல்வியிலும் அதனை மேற்கொண்டார். தம்மினும் சிறந்தார் ஒருவர் உளர் என்று கூறுதற்கு ஆசிரியர் ஒருவர்க்கு எத்துணை உளத்தூய்மை வேண்டும் என்பதை, ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளக் கருதும் எம் தோழர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

1871-ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில் தந்தையாரும் மைந்தரும் மாயூரத்திற் பிள்ளையவர்களைக் கண்டனர். மாணவர் பலர் வந்து சின்னாளில் நீங்கிவிடுவதைக் கண்டிருந்த பிள்ளையவர்கள் முதலிற் சிறிது தயங்கினார்; பின்னர் ஏற்றுக்கொண்டார். வேங்கடராமன் என்றிருந்த பெயரை விடுத்து, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரையே விரும்பி அழைக்கலானார். 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல்நாள் பிள்ளையவர்கள் மறையும் வரையில், ஏறத்தாழ ஐந்தாண்டு அம்மாணவர் அவரைப் பிரியவில்லை.

விளைவு

செங்கணத்திற் கற்ற யாப்பு பின்னாளில் எவ்வாறு பயன்பட்டது? 1880-ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்த ஐயரவர்களைச் சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணியின்பாற் செலுத்தினார். அதன்பின் அவர் கை பட்டவை யாவும் பழைய ஏட்டுச்சுவடிகள். அச்சுவடிகளிற் செய்யுள்கள் அடி பிரித்து எழுதப்படுவதில்லை. உரைநடைபோலவே தொடர்ந்து செல்லும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ஏகாரமும் எகரமும் ஒன்றாய் நிற்கும். செல்லரித்த இடங்களில் எழுத்துக்களே மறைந்திருக்கும். அத்தகைய ஏட்டில் ஓர் அடி எங்கே முடிந்து மறு அடி எங்கே தொடங்குகின்றது, ஒரு சீர் விடுபட்டதா, பிற்காலத்தார் சொல் இடையே புகுந்ததா என்பனவற்றை அறிதற்கு யாப்பறிவே விளக்கு. எதுகையும் மோனையும் தளையும் தடம் காட்ட, அவர் காட்டிடை வழி கண்டு சென்றார். அவ்விளக்கிற்கு எண்ணெய் வார்த்தவர்களுள் ஒருவர் செங்கணத்து ரெட்டியார்.

வேறொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. சமணர் இயற்றிய இலக்கணத்தை உழவர் ஒருவர் அந்தணச் சிறுவர்க்குக் கற்பித்தார். அச்சிறுவர் சைவப்பெரும்புலவரிடம் சென்றார். அப்புலவரின் மாணவருள் கிறிஸ்தவராகிய புதுவைச் சவராயலு நாயகரும் இருந்தார். கிறிஸ்தவராகிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை அப்புலவரின் நண்பர். பின்னர் அவ்வந்தணர் வெளியிட்ட முதற்பெருங்காப்பியமும் சமணருடையதே. தமிழ் என்னும் களத்தில் சமயவரப்புக்கள் கடந்து இவர்கள் ஒருவர்க்கொருவர் கதிர் அள்ளிக் கொடுத்தனர். பல சமயத்தாரும் ஒருங்கிருந்து பயிலும் எம் கல்லூரி மாணவர்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

முடிவுரை

தமிழ்நூல்கள் பலவற்றை வெளியிட்டு, மகாமகோபாத்தியாயர் பட்டமும் டாக்டர் பட்டமும் பெற்று, எண்பத்தைந்து வயதளவில் ஐயரவர்கள் தம் வரலாற்றை எழுதப் புகுந்தார். 1940-ஆம் ஆண்டு முதல் அஃது ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறாது நின்று, 1950-ஆம் ஆண்டில் நூல்வடிவம் பெற்றது. செங்கணத்திற் காரிகை கற்ற நாள்களுக்கும் அதனை எழுதிய நாள்களுக்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. வேந்தரையும் ஆதீனத் தலைவரையும் பேரறிஞரையும் பழகியறிந்த அம்முதியவர், பெரம்பலூர்ப் பக்கத்துப் பண்ணையார் ஒருவரை அத்துணைக் காலத்திற்குப் பின்னும் நன்றியோடு நினைந்தார். ஆசிரியர் ஒருவர்க்கு இதனினும் சிறந்த நினைவுமண்டபம் யாது?

எம் வகுப்பினருட் சிலர் உழவர் குடியிலிருந்து வந்தவர்கள். நிலத்தை விட்டு வந்தாலன்றிக் கல்வி வாராது என்றும், கல்வி வந்தபின் நிலம் இழிவு என்றும் கருதும் மயக்கம் எம்மிடையே உண்டு. கலப்பையும் காரிகையும் ஒரு மனையில் வாழ்ந்த வரலாறு அம்மயக்கத்தைத் தெளிவிக்கின்றது. விருத்தாசல ரெட்டியார் ஆண்டுதோறும் அறுத்த கம்பும் நெல்லும் அவ்வவ்வாண்டே செலவாகி ஒழிந்தன. ஒருமுறை பறித்து வேறு வயலில் நடக் கொடுத்த அந்த ஒரு நாற்றின் விளைச்சலையே யாம் இன்றும் உண்டுகொண்டிருக்கின்றோம். விடுமுறையில் ஊர் செல்லும் தோழர்காள், நும் ஊரிலும் முதியவர் ஒருவர் தாம் கற்றதைக் கேட்பாரின்றித் தனித்திருத்தல் கூடும். அவர்பாற் சென்று அமர்மின். அதுவே செங்கணத்துப் பெரியார்க்கு யாம் செலுத்தும் கடனாகும்.